எவர்சில்வரில் பீர் காய்ச்சுகிறீர்களா? பானையை விடுங்கள், வால்வைக் கழற்றுங்கள்

பிளாஸ்டிக் வாளியை விட்டு எவர்சில்வருக்கு மாறினால் கழுவுகிற தொல்லை ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பாத்திரம் ஏமாற்றவில்லை, எட்டு மாதம் கழித்தும் முகம் பார்க்கிற மாதிரிதான் மின்னியது. ஆனால் வரிசையாக மூன்று தடவை பீர் லேசாகப் புளித்துப் போனது. ஈஸ்ட்டை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், சானிடைசரைக் குறை சொன்னேன், கடைசியில் ஒரு நாள் சும்மா இருந்த நேரத்தில் ஃபெர்மென்டரின் (ஈஸ்ட் போட்டுப் பீரை நொதிக்க விடுகிற கலன்) அடியில் இருந்த பால் வால்வை (துளையிட்ட உருண்டை சுழன்று திறந்து மூடுகிற வால்வு) ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். உள்ளே உருண்டைக்கும் அதைத் தாங்குகிற வெள்ளை டெஃப்லான் வளையத்துக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் களிம்பு மாதிரி கசடு, அதில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ) துணுக்கு ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஊசிப்போன மாவு வாடை. எட்டு மாதமாக நான் மினுக்கிக்கொண்டிருந்தது சுவரை, பீர் போய்வருகிற வழியை இல்லை.

அதனால் நான் எழுதப்போவது பெரும்பாலும் இடுக்குகளைப் பற்றித்தான். எவர்சில்வரில் சுவர் கெடுவது அபூர்வம், கெடுவதெல்லாம் இணைப்பிலும் மூலையிலும்தான்.

அந்த உலோகத்துக்கு என்ன வேண்டும்

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்பார்கள். அந்தக் குரோமியம் காற்றில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துருவைத் தடுப்பது அதுதான். கீறல் விழுந்தாலும் தானாக வளர்ந்துகொள்ளும், பரப்பு சுத்தமாக இருந்து காற்றுப் பட்டால் போதும்.

இதைப் புரிந்துகொண்டால் எது ஆகாது என்பது தானே விளங்கிவிடும். முதல் எதிரி குளோரைடு, அதாவது உப்பும் ப்ளீச்சும். அது தோலை ஊசியால் குத்துவது போலக் குத்தி, புள்ளிப் புள்ளியாகக் குழி போடும். இரண்டாவது இரும்பு நார். அதில் தேய்த்தால் நுண்ணிய இரும்புத் துகள்கள் பாத்திரத்தில் பதிந்துபோய், அவைதான் மறுநாள் துருப்பிடிக்கும், நாம் பானை துருப்பிடித்துவிட்டது என்று பதறுவோம். மூன்றாவது, கசடுக்கு அடியிலும் ஈரமான இடுக்கிலும் காற்றுப் போகாமல் அடைபட்டுக் கிடக்கிற இடம். அங்கே தோல் அழிந்தால் மறுபடி வளர வழியில்லை.

வாங்கும்போது 304 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், வீட்டில் காய்ச்ச இது தாராளம். 316-இல் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்கென்று காசைக் கொட்ட வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல வால்வு வாங்கலாம். காந்தம் வைத்துப் பார்த்து தரம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அதே சமயம் அசல் 304-ஐ வளைத்து அழுத்திய இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், அங்கே அது கட்டாயம் ஒட்ட வேண்டும்.

அளவில் கஞ்சத்தனம் ஆகாது. 20 லிட்டர் பீர் எடுக்க 30 லிட்டருக்குக் குறைந்த பானை வாங்கினால் கொதிக்கிற நேரம் முழுக்க நீங்கள் கரண்டியோடு காவல் நிற்க வேண்டியதுதான். உடைத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) முழுவதையும் பையில் போட்டு அதே பானையில் ஊறவைக்கிற ஆளாக இருந்தால் 40 லிட்டர்.

இன்னொன்று, மரை. அரை அங்குல இணைப்பில் அமெரிக்க என்பிடி மரைக்கும் பிரிட்டிஷ் பிஎஸ்பி மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான், அதனால் ஒன்று மற்றொன்றுக்குள் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே போகும். ஆனால் என்பிடியின் பல் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பிக்கு 55. எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதில் வீணாக்கியிருக்கிறேன்.

புதுப் பாத்திரத்துக்கு முதல் குளியல்

கடையில் இருந்து வந்த பானை பளபளப்பாகத்தான் இருக்கும், நம்பிவிடாதீர்கள். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் போட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்து அலசிவிட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியால் உள்சுவரை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கருப்பாக மை மாதிரி ஒட்டினால் அது பட்டறையில் மெருகேற்றிய பசையும் எண்ணெயும். துணி வெள்ளையாகவே வரும் வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், எனக்கு நான்கு தடவை ஆனது. பற்றவைத்த இடத்தின் ஓரத்திலும் கைப்பிடி ரிவிட்டைச் சுற்றியும்தான் அதிகம் ஒளிந்திருக்கும்.

அப்புறம் ஒரு சிட்ரிக் அமிலக் குளியல். எண்ணெய் போன பிறகுதான் இது, எண்ணெய் இருந்தால் அமிலம் உலோகத்தைத் தொடவே தொடாது. பரப்பில் ஒட்டியிருக்கிற இரும்பை அமிலம் கரைத்து எடுத்துவிடும், பிறகு குரோமியத் தோல் ஒழுங்காகப் படியும். 4 முதல் 10 சதவீதக் கரைசல், அதாவது லிட்டருக்குக் குறைந்தது 40 கிராம். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள், சூடாக்க வசதி இல்லை என்றால் சாதாரண வெப்பத்தில் 20 நிமிடத்துக்கு மேல். அலசி, துடைத்து, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் காற்றாட விட்டுவிடுங்கள்.

பற்றவைக்காமல் ஓட்டை போட்டு வால்வு மாட்டுகிற வகை என்றால், தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஒழுகாதது கொதிக்கும்போது ஒழுகலாம். சிலிக்கான் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற வளையம்) நசுங்குகிற அளவுக்குக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று போதும். ரப்பர் வெளியே பிதுங்கினால் மிதமிஞ்சிப் போய்விட்டது என்று அர்த்தம். எவர்சில்வர் மரையை எவர்சில்வர் மரையில் வறட்சியாக இறுக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு ஜென்மத்துக்கும் கழலாது. டெஃப்லான் டேப் ஒழுகலைத் தடுக்க மட்டும் இல்லை, இதற்கும்தான்.

காய்ச்சுகிற அன்று

எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மந்தம். செம்பு அதைப் போல இருபது மடங்குக்கு மேல் கடத்தும். அதனால் அடுப்புத் தீ நேரே படுகிற இடம் மட்டும் தகித்து, பக்கத்தில் சூடு பரவாமல் நிற்கும், மால்ட் சர்க்கரை அங்கே அடிப்பிடிக்கும். அடிப்பாகத்தில் நடுவே அலுமினியம் வைத்த கனமான அடுக்கு இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பாகு ஊற்றுகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள், அடியில் இருந்து கிளறி முழுக்கக் கரைந்த பிறகு பற்றவையுங்கள். மின்சார ஹீட்டர் உள்ளேயே இருக்கிற பானை என்றால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பியைத் தடவிப் பாருங்கள் (ஆறிய பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு). கோதுமை அதிகம் போட்ட நாளில் அதில் கட்டாயம் ஏதாவது கருகியிருக்கும், அடுத்த முறை அதன் மேலேயே இன்னும் கருகும்.

தண்ணீரில் உப்பு சேர்க்கிற பழக்கம் இருந்தால் தண்ணீர் சூடான பிறகு போட்டுக் கையோடு கலக்கிவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் கொட்டி அடியில் குவிய விட்டால், கல் கிடந்த இடத்தில் வெள்ளைப் புள்ளியாகக் குழி விழும், தேய்த்தாலும் போகாது.

கொதி வரும்போது பானையின் வால்வை ஒரு தடவை திறந்து, ஒரு குவளை வோர்ட்டை (ஈஸ்ட் சேர்க்காத மால்ட் சாறு) எடுத்து, திரும்பப் பானையிலேயே ஊற்றிவிடுங்கள். வால்வுக்குள் முன்பே நின்ற தண்ணீரும் கொதிநிலைக்கு வந்துவிடும். கைப்பிடி சுடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். குளிரவைக்கிற சுருள் குழாயைக் கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே உள்ளே இறக்கிவிட்டால் அதற்குத் தனியாகக் கிருமிநீக்கம் வேண்டாம்.

அடியில் நீலமும் பொன்னிறமுமாக வானவில் மாதிரி நிறம் ஏறினால் அது சூட்டில் ஆக்சைடு படலம் தடித்ததுதான். பீருக்கு ஒன்றும் ஆகாது. கண்ணை உறுத்தினால் சிட்ரிக் அமிலம் போட்டுத் துடையுங்கள், உறுத்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

காய்ச்சி முடித்ததும் அலுப்பாக இருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அன்றே ஐந்து நிமிடம் அலசினால் போகிற கசடு, காய்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் ஊறினாலும் போகாது. குறைந்தபட்சம் தண்ணீரையாவது நிரப்பி வையுங்கள்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசல். அப்புறம் சோடியம் பெர்கார்பனேட் கலந்த தூள், லிட்டருக்கு 6 முதல் 15 கிராம் வரை, அழுக்கைப் பொறுத்து. 60 டிகிரி வாக்கில் சூடான தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் தேய்க்கவே வேண்டியிருக்காது. பச்சைத் தண்ணீரில் இதன் வேகம் பாதிகூட இருக்காது. இது ஆக்சிஜனைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் மூடியை இறுக்கிப் பூட்டிவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பம்ப் வைத்திருந்தால் இந்தக் கரைசலையே பம்ப், குழாய், பிளேட் சில்லர் (தகடுகளுக்கு நடுவே வோர்ட்டை ஓடவிட்டுக் குளிரவைக்கிற கருவி) எல்லாவற்றிலும் சுற்றவிடலாம், பிளேட் சில்லரில் எதிர்த்திசையிலும் ஒரு முறை. கழற்ற முடியாத சில்லர் அது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கரகரப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் நைலான் தூரிகை. கீறல் விழுகிற எதையும் உள்ளே விடாதீர்கள், ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்கு ஒரு குடியிருப்பு.

நன்றாக அலசிய பிறகு உள்ளே வெள்ளையாக மாவு பூசிய மாதிரி தெரிந்தால் அது கடினத் தண்ணீரின் வேலை, கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீர் காட்டினால் போய்விடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிருமிநீக்கம். அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றுவது குப்பைமேட்டில் சாம்பிராணி போடுகிற மாதிரி. ஸ்டார் சான் போன்ற பாஸ்பாரிக் அமில வகை என்றால் லிட்டருக்கு 1.5 மில்லி, பரப்பு ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், அலசக் கூடாது. நுரை இருந்தால் இருக்கட்டும், அந்த அளவுக்குப் பீரில் அது ஒன்றுமில்லை. கலக்கி வைத்த கரைசலின் பிஎச் 3-க்கு மேலே போனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அயோடின் வகை என்றால் 12.5 பிபிஎம், அதற்கு மேல் கூட்டினால் அலச வேண்டிவரும், பிளாஸ்டிக் குழாயும் மஞ்சளாகும்.

ப்ளீச்சை எவர்சில்வர் பக்கமே கொண்டுவர வேண்டாம் என்பேன். ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும், குழி விழுந்துவிடும். அதை விட முக்கியமாக, ப்ளீச்சோடு எந்த அமிலமும் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டில்லை.

வால்வுக்கு வருவோம்

பால் வால்வை மூடும்போது உருண்டையின் துளைக்குள் கொஞ்சம் வோர்ட் சிறைப்படும். பாதி திருப்பும்போது அது உருண்டைக்குப் பின்னால் இருக்கிற குழிக்குள்ளும் இறங்கும். முழுக்கத் திறந்து எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் நடுத்துளை வழியே ஓடிவிடுமே தவிர அந்தக் குழியை எட்டாது. அதனால்தான் கழுவுகிற கரைசல் உள்ளே இருக்கும்போது கைப்பிடியை நடுவாந்திரத்தில் நிறுத்தி, நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். இது தினப்படிக்கு. நிஜமான சுத்தம் கழற்றினால்தான்.

மூன்று துண்டு வால்வு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். நான்கு போல்ட் இருக்கும். மூன்றை உருவிவிட்டு நான்காவதைத் தளர்த்தினால் நடுப்பாகம் கதவு மாதிரி வெளியே திரும்பும். கைப்பிடியை மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், அப்போதுதான் உருண்டையின் தலையில் இருக்கிற வெட்டு, தண்டின் நாக்கோடு நேராகி, உருண்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். திறந்த நிலையில் எவ்வளவு தட்டினாலும் வராது, முதல் தடவை நான் சுத்தியலைத் தேடப் போய்விட்டேன். டெஃப்லான் வளையங்கள் இரண்டையும் நகத்தால் எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் போட்டால் கீறல் விழுந்து பிறகு கசியும். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் சூடான பெர்கார்பனேட் கரைசலில் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஃபெர்மென்டரில் இருப்பதை ஒவ்வொரு பீருக்கும் கழற்றுகிறேன். கொதிக்கிற பானையில் இருப்பதை நான்கைந்து தடவைக்கு ஒருமுறை. இரண்டு துண்டு வால்வு கழலாது, அது ஃபெர்மென்டரில் இருந்தால் மாற்றிவிடுங்கள். டிரை-கிளாம்ப் இணைப்பில் (வெளியே பட்டை போட்டு இறுக்குவது) மரையே இல்லாததால் வேலை சுலபம், ஆனால் நடுவே இருக்கிற கேஸ்கெட் வளையத்தைத் திருப்பி இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டும்.

கெக்கிலும் (பீரை அழுத்தத்தில் வைக்கிற எவர்சில்வர் பீப்பாய்) இதே கதைதான். முதலில் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள், அதற்கு முன் எதையும் கழற்றாதீர்கள். கேஸ், பீர் போகிற இரண்டு போஸ்ட்டும் (குழாய் மாட்டுகிற முனைகள்) பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பால்-லாக் வகையில் கேஸ் பக்கத்தில் சின்ன வெட்டுகள் இருக்கும். இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். கெக்கின் உள்ளே இறங்குகிற நீளக் குழாய்க்குள் நுழைகிற மெல்லிய தூரிகை ஒன்று அவசியம். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள், மற்றபடி உணவுக்கான சிலிக்கான் கிரீஸ் துளியூண்டு.

பீர் கல், துருப்புள்ளி

பல தடவை காய்ச்சிய பாத்திரத்தை உலரவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளையில் மெல்லிய படலம் தெரிந்து, விரலால் தடவினால் சொரசொரவென்றிருந்தால் அது பீர் கல். மால்ட்டில் இருக்கிற ஆக்சலேட்டும் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட் அது. ஈரமாக இருக்கும்போது தெரியவே தெரியாது. காரக் கரைசல் இதைத் தனியாகக் கரைக்காது, வினிகரும் போதாது. முதலில் பெர்கார்பனேட்டால் மேலே இருக்கிற புரதக் கசடை எடுத்துவிட்டு, நன்றாக அலசி, பிறகு பாஸ்பாரிக் அமிலமோ பாஸ்பாரிக்கும் நைட்ரிக்கும் சேர்ந்ததோ இருக்கிற அமிலக் கழுவியை லேபிளில் சொன்ன அளவில் போடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இரண்டும் வேண்டும்.

துருப்புள்ளி வந்தால் ஆக்சாலிக் அமிலம் கலந்த தேய்ப்புத் தூளை ஈரத்துணியில் தொட்டு, உலோகத்தின் கோடு ஓடுகிற திசையிலேயே தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். மேலே சொன்ன சிட்ரிக் குளியலை மறுபடி கொடுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே குழி விழுந்திருக்கிறது, இல்லை பற்றவைத்தது சரியில்லை. கொதிக்கிற பானையில் இருந்தால் சமாளிக்கலாம், ஃபெர்மென்டரில் இருந்தால் நான் வைத்திருக்க மாட்டேன்.

ஃபெர்மென்டர் சப்பையாகும் கதை

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மெல்லிய சுவர் உள்ள கலன் உள்ளிருந்து வருகிற அழுத்தத்தைத் தாங்கும், வெளியிலிருந்து காற்று அழுத்தினால் தாங்காது. வெந்நீரில் கழுவிவிட்டு, உள்ளே ஆவி நிற்கும்போதே மூடியை இறுக்கி வைத்தால், ஆவி குளிர்ந்து தண்ணீராகி உள்ளே வெற்றிடம் உண்டாகும், டொக்கென்று ஒரு சத்தம், பக்கவாட்டில் ஒரு பள்ளம். நொதித்து முடிந்த பீரைக் குளிரூட்டும்போதும் இதே ஆபத்து, எல்லா வழியையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிற வாயு சுருங்கும். ஒரு பலூனிலோ கேஸ் இணைப்பிலோ கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கொடுத்து வையுங்கள், பீருக்குள் காற்றும் போகாது, கலனும் பிழைக்கும். கார்பன் டை ஆக்சைடு நிறைந்த கலனில் காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி மூடுவது இன்னும் மோசம், காஸ்டிக் அந்த வாயுவையே விழுங்கிவிடும். பெரிய ஆலைகளின் தொட்டிகளே இப்படி நசுங்கியிருக்கின்றன.

எடுத்து வைக்கும்போது எதையும் மூடி வைக்காதீர்கள். பானையைக் கவிழ்த்து, அடியில் இரண்டு குச்சி கொடுத்துக் காற்று போக விடுங்கள். ஃபெர்மென்டரின் மூடி தனியே, வால்வின் கைப்பிடி பாதி திறந்த நிலையில், கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் ஒரு டப்பாவில். அடுத்த தடவை எல்லாவற்றையும் மாட்டியதும் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அரை மணி கழித்து எந்தக் காகிதம் நனைந்திருக்கிறதோ அந்த இணைப்பை மட்டும் கழற்றி மாட்டினால் போதும்.